காலைப் பலகை

சேசு மரி சூசை துணை

பொன்மலை,
11-1-1937

அன்புள்ள சகாயத்துக்கு,

சர்வேசுரன் கிருபையால் இங்கு நலம். நீயும் ஸ்ரீரங்கத்தில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விலாசத்தை உன் அக்காளிடம் வாங்கினேன். அரை மனதாகத்தான் கொடுத்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததிலிருந்து நானே நடத்துகிறேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் என்னை ரயில் வராத ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பு அலமாரியின் சாவியைக் காணோம். மணல் தட்டும் புளியங்கொட்டை டப்பாவும் அதற்குள் மாட்டிக்கொண்டன. மனக்கணக்கு கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீ கேட்கும்போது பக்கத்து வகுப்பு வரை சத்தம் வரும். நானே இரண்டு தரம் வந்து கண்டித்திருக்கிறேன். அது என்ன முறை என்று எழுது.

மற்றபடி, நடந்தது எதுவும் முறை தவறி நடக்கவில்லை என்பதை நீயும் ஒப்புக்கொள்வாய். நவம்பர் மாதம் இன்ஸ்பெக்ஷன் முடிந்த மறுநாள் தலைமை ஆசிரியருக்கு என்று விலாசமிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்தாய். தலைமை ஆசிரியர் அதை அங்கீகரித்தார். பள்ளிக்கூடத்தை விட்டவள் வீட்டையும் ஏன் விட வேண்டும் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கொல்லையில் கறிவேப்பிலைக் கன்று துளிர்த்திருக்கிறது.

இப்படிக்கு,
ம. அமிர்தசாமி,
தலைமை ஆசிரியர்


ஸ்ரீரங்கம்,
16-1-1937

மகா-ள-ஸ்ரீ தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கேட்ட விவரங்கள் பின்வருமாறு.

அலமாரிச் சாவி வஹீதாவிடம் இருக்கிறது. ரயில்வே வொர்க் ஷாப் பிட்டர் முகம்மது கனியின் மகள். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு. ஜூலையில் அவள் அம்மா பிரசவத்தில் போனதிலிருந்து அந்தப் பெண் பேசுவதில்லை, எழுதுவதும் இல்லை. தினம் காலையில் வந்து ஏதாவது ஒன்றைத் திறக்கட்டும் என்றுதான் சாவியை அவளிடம் கொடுத்து வைத்தேன். கேட்டால் கொடுப்பாள். மிரட்டிக் கேட்க வேண்டாம்.

மனக்கணக்கில் முறை என்று ஒன்றும் இல்லை. உங்கள் கணக்கில் எப்போதும் ஒரு வியாபாரி வருகிறான், மூட்டை மூட்டையாக அரிசி வாங்குகிறான். அவனை இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வொர்க் ஷாப் சங்கு தெரியும். சங்கு ஊதுவதற்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அப்பா சைக்கிளில் ஏறினார், வழியில் செயின் கழன்று ஏழு நிமிஷம் போச்சு, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேளுங்கள். அப்புறம் சத்தத்தை நீங்களே வந்து கண்டிக்க வேண்டியதுதான்.

புளியங்கொட்டை பின்னத்துக்கு. மணல் தட்டு பூகோளத்துக்கு. மணலை முதல் நாள் சாயங்காலமே நனைத்து வைக்க வேண்டும்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக வேலை கிடைத்திருக்கிறது. முனிசிபல் ஆஸ்பத்திரி நர்ஸ் வீரம்மாள் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். சுகம்தான். கறிவேப்பிலைக் கன்றுக்கு அரிசி களைந்த தண்ணீர் ஊற்றினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சகாயம்மாள்


சேசு மரி சூசை துணை

பொன்மலை,
25-1-1937

அன்புள்ள சகாயத்துக்கு,

'தங்கள் உண்மையுள்ள' என்று எனக்குப் பள்ளிக்கூட மேனேஜர்தான் எழுதுவார். இப்போது நீயும் எழுதுகிறாய். இருக்கட்டும்.

சங்குக் கணக்கு கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் பதின்மூன்று கை. ஒருவன் எழுந்து, "எங்கப்பா செயின் கழண்டா சைக்கிள அங்கயே போட்டுட்டு ஓடுவாரு சார், அப்ப எத்தன நிமிஷம்?" என்றான். அதற்கு விடை எனக்கும் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். அப்துல் சலாம் தன் நாலாம் வகுப்பை விட்டு வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உன் வகுப்புச் சத்தத்தைக் கண்டிக்க வந்த என் முகமே அவர் முகத்தில் தெரிந்தது.

மணல் தட்டில் முக்கொம்பு செய்தோம். மேலணையில் காவிரி இரண்டாகப் பிரிகிற இடத்தைக் காட்ட ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். அணையும் போயிற்று, ஸ்ரீரங்கமும் போயிற்று, என் வேட்டி முழங்கால் வரை நனைந்தது. "டீச்சர் சொம்புல கொஞ்சங் கொஞ்சமா ஊத்துவாங்க சார்" என்று மருதை சொன்னான். முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன? நீங்கள் கேட்கவில்லையே என்கிறான்.

வஹீதா சாவியைக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்று மட்டும் நடக்க மாட்டேன் என்கிறது. நீ தினம் காலை முதல் அரை மணி நேரம், வழியிலும் வீட்டிலும் கண்டதை ஆளுக்கு ஒரு வரி கரும்பலகையில் எழுத விடுவாயே, காலைப் பலகை என்று. அதை நானும் ஆரம்பிக்கலாம் என்று சுண்ணக்கட்டியை நீட்டினேன். ஒரு பிள்ளை எழுந்து வரவில்லை. கேட்டதற்கு, "அழிச்சிடுவீங்க சார்" என்கிறார்கள்.

இதற்கு நான் உனக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். நவம்பரில் இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் ஒன்பதேகாலுக்கு வந்து நின்றார். பலகையில் தேதி, பாடம், வருகை எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் கோழி முட்டையிட்டதும் தம்பிக்கு ஜுரம் அடித்ததும் இருந்தால் அவர் புத்தகத்தில் என்ன எழுதுவார்? அவசரத்தில் டஸ்டர் அகப்படவில்லை. அங்கவஸ்திரத்தால் துடைத்தேன். 'இந்த அம்மாவுக்கு எத்தனை தரம் சொல்வது' என்று சொன்னதும் உண்மைதான். உன் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
ம. அமிர்தசாமி,
தலைமை ஆசிரியர்


ஸ்ரீரங்கம்,
3-2-1937

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தைத் தலைமை ஆசிரியருக்கு எழுதவில்லை. அவருக்குக் கோபித்து எழுத எனக்கு அதிகாரம் இல்லை.

வேறு யார் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? அதுதான் என் வயிற்றெரிச்சல். அன்று காலை உங்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, அந்த அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டு அனுப்பினவள் நான். இரண்டு மணி நேரம் கழித்து 'இந்த அம்மா' ஆகிவிட்டேன்.

அதையாவது விழுங்கியிருப்பேன். எத்தனையோ விழுங்கியிருக்கிறேன். நீங்கள் எதைத் துடைத்தீர்கள் என்று இன்றுவரை ஒரு தரம் கேட்டீர்களா? அன்று பலகையில் கீழ் மூலையில் வஹீதா எழுதியிருந்தாள். நாலு மாதமாக ஒரு கோடு கிழிக்காத பெண். நான் கூப்பிடவில்லை, தானாகவே எழுந்து வந்து, சுண்ணக்கட்டியை எடுத்து, எல்லோருக்கும் கடைசியாக எழுதினாள். எனக்கு மனப்பாடமாக இருக்கிறது.

'எங்க ஊட்ல இன்னிக்கு நான்தான் சோறு ஆக்குனேன். கொழஞ்சு போச்சு. அத்தா ஒண்ணும் சொல்லாம சாப்டுச்சு.'

அவள் திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். முதல் வீச்சே கீழ் மூலையில்தான் விழுந்தது. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் என்னைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லலாம் என்றுதான் காத்திருந்தேன். நீங்கள் இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதிவிட்டுப் போனார் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டீர்கள். வீட்டுக்காரரிடம் பேச முடியவில்லை, தலைமை ஆசிரியரிடமாவது பேசலாம் என்றுதான் மறுநாள் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். படித்துவிட்டு, 'என்ன சகாயம் இது' என்று ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சிவப்பு மையைத் தொட்டு 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, பியூன் கையில் கொடுத்து அனுப்பினீர்கள்.

ஒரே வீட்டில் இருந்து ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தோம். எனக்குக் கடிதம் எழுத உங்களுக்கு வேளையே வாய்க்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதின முதல் எழுத்து அந்த ஒரு வார்த்தைதான். அதை இங்கே என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சகாயம்


சேசு மரி சூசை துணை

பொன்மலை,
11-2-1937

அன்புள்ள சகாயம்,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எதை அழித்தேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. படிக்கவே இல்லை. முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்துகிறவன், ஒரு வரியாவது படித்துவிட்டு அழித்திருக்கலாம்.

நேற்று விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்குப் போனேன். என்ன செய்வதென்று தெரியாமல் நானே சுண்ணக்கட்டியை எடுத்து, பலகையின் கீழ் மூலையில், அதே இடத்தில், 'நேற்று நான் வைத்த ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன்' என்று எழுதினேன். முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மருதை சிரித்தான், அப்புறம் வகுப்பே சிரித்தது. அவனே எழுந்து வந்து, 'எங்க வீட்டு ஆடு என் சிலேட்டை நக்கி கணக்கை அழிச்சிருச்சு' என்று எழுதினான். அது பொய் என்று எனக்குத் தெரியும், வீட்டுக்கணக்குச் செய்யாத பயல். பலகையில் எழுதியதால் விட்டுவிட்டேன். இன்று பதினோரு வரி. சாயங்காலம்தான் துடைத்தோம், அதுவும் ஒவ்வொரு வரியையும் எழுதினவரைக் கேட்டுவிட்டு.

வஹீதா பெஞ்சுக்குப் போய், "அன்னைக்கு நீ எழுதினதப் படிக்காம அழிச்சிட்டேன் தாயி, தப்புதான்" என்றேன். அவள் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் எழுத வேண்டும்.

வீடு வீடாக இல்லை சகாயம். பிள்ளையில்லாத வீட்டில் நீயும் இல்லாவிட்டால் பேச யார் இருக்கிறார்கள்? உனக்கு நல்ல சேதி ஒன்று வைத்திருக்கிறேன். மேனேஜரைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு உத்தியோகத்தை ஜூன் வரை நிரப்பாமல் வைக்கச் சம்மதித்துவிட்டார். பழைய சர்வீசும் அறுபடாது. நீ செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: ராஜினாமாவை வாபஸ் வாங்குவதாகத் தலைமை ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பு. அன்றைக்கே அனுமதித்துக் கையெழுத்திடுகிறேன்.

இப்படிக்கு அன்புள்ள,
ம. அமிர்தசாமி,
தலைமை ஆசிரியர்


ஸ்ரீரங்கம்,
24-2-1937

அன்புள்ள உங்களுக்கு,

சாவியைக் கையில் எடுத்தாள் என்றால் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அவசரப்படாதீர்கள். ரசத்து உப்பைப் படித்து நானும் சிரித்தேன். வீரம்மாள் என்னவென்று கேட்டாள், வாசித்துக் காட்டினேன். "இந்த மனுஷனையா விட்டுட்டு வந்தீங்க?" என்றாள்.

அந்தக் கடிதத்தைக் கடைசிப் பத்தி வரை படிக்காமல் இருந்திருக்கலாம். விண்ணப்பம் எழுதச் சொல்கிறீர்கள். உங்களிடம் திரும்பி வர நான் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும்? 'வந்துவிடு சகாயம்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கார்டைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறியிருப்பேன். பெட்டியைப் பிறகு ஆள் விட்டு எடுத்திருக்கலாம்.

இங்கேயும் காலைப் பலகை நடக்கிறது. கோயில் வீதிப் பெண்கள் அதிகம். முதல் வாரம் எல்லாம் பெருமாள் புறப்பாடும் யானையும்தான் எழுதினார்கள். இப்போது ரங்கநாயகி என்ற ஒரு குட்டிப்பெண், மாமி பாட்டு வகுப்பில் தூங்கிவிட்டதை எழுதியிருக்கிறாள். முப்பத்துநாலு பேர். பிள்ளைகளால் எனக்குக் குறையில்லை.

என்னை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்கிறார்கள். மார்ச் 31-க்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மூன்று வருஷம் விலகக் கூடாது, இந்த ஊரிலேயே தங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் உங்களுக்குத் தெளிவாக எழுதிவிடுகிறேன். தபசு கால நோன்பு முடிந்து, பெரிய சனிக்கிழமை மத்தியானம் நாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாத வருஷம் இல்லை. அன்றைக்கு இங்கே சமைத்து வைக்கிறேன். நீங்கள் வாருங்கள். வந்து கூப்பிட்டால் அப்படியே கிளம்பிவிடுவேன், கையெழுத்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். தலைமை ஆசிரியரை மட்டும் பொன்மலையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சகாயம்


சேசு மரி சூசை துணை

பொன்மலை,
20-3-1937

என் அன்புள்ள சகாயம்,

வருகிறேன். கட்டாயம் வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு முன்னால் உன் வாசலில் நிற்பேன். வெள்ளை வேட்டியை இன்றே வெளுக்கப் போட்டுவிட்டேன். வகுப்பில் சொல்லவில்லை, ஆனாலும் மருதை மோப்பம் பிடித்துவிட்டான். "டீச்சர கூட்டியாறீங்களா சார்?" என்று நேராகவே கேட்டான். காலைப் பலகையில் என் வரியாக, 'சனிக்கிழமை நான் ஸ்ரீரங்கம் போகிறேன்' என்று எழுதினேன்.

வீரம்மாளுக்கும் சேர்த்துச் சமைத்து வை.

அன்புள்ள,
ம. அமிர்தசாமி

(கீழே பழக்கத்தில் எழுதியதை அடித்திருக்கிறேன். பார்த்துச் சிரிக்காதே.)


ஸ்ரீரங்கம்,
1-4-1937

அன்புள்ள உங்களுக்கு,

சனிக்கிழமை மூன்று மணி வரை சோற்றைத் திறக்கவில்லை. வீரம்மாள் இரண்டு தரம் பஸ் நிற்கும் இடம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் பாஸ்குத் திருநாள், பூசைக்குக்கூட நான் போகவில்லை. நீங்கள் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். திங்கள், செவ்வாய், தபால்காரர் வந்தார். உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை.

உடம்புக்கு ஏதோ என்று பயந்து புதன்கிழமை காலை அக்காளை அனுப்பினேன். நீங்கள் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து தேர்ச்சிப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்ததாக வந்து சொன்னாள். உங்களைக் கூப்பிடாமலே திரும்பிவிட்டாளாம். சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தது. அந்தமட்டில் நிம்மதி.

மத்தியானம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்போது கோபம் இல்லை. கோபம் இருந்தவரைக்கும் வந்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வெயில் ஏறிவிட்டது, கறிவேப்பிலைக் கன்றுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் வேண்டும்.

சகாயம்மாள்


சேசு மரி சூசை துணை

பொன்மலை,
12-4-1937

என் சகாயம்,

உன் கடிதத்துக்குப் பதினோரு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். சாக்குத் தேடிப் பார்த்தேன். உனக்குச் சொல்லும்படியாக ஒன்றும் அகப்படவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வெள்ளை வேட்டி கட்டி, பஸ்ஸுக்கு வந்து நின்றுவிட்டேன். அப்துல் சலாம் ஓட்டமாக ஓடி வந்தார். தேர்ச்சிப் பட்டியலை அன்று சாயங்காலத்துக்குள் மேனேஜர் கேட்கிறார் என்றார். அவரே இன்னொன்றும் சொன்னார்: "நீங்க போங்க சார், நான் எழுதிக் கொடுக்கறேன். தப்பு வந்தா நான் பார்த்துக்கறேன்." நான் போயிருக்கலாம். பஸ்ஸும் வந்து நின்றது. என் கையெழுத்தில்தான் போக வேண்டும் என்று திரும்பிவிட்டேன். எழுதி முடிக்க ஐந்து மணி ஆயிற்று. அடித்தல் திருத்தல் இல்லாத பட்டியல். கொண்டுபோனால் மேனேஜர் பாஸ்குவுக்கு ஊருக்குப் போய்விட்டார். அது புதன்கிழமை வரை என் மேஜையிலேயே கிடந்தது. உன் அக்காள் பார்த்தது இரண்டாவது பிரதி எழுதிக்கொண்டிருந்ததை.

ஞாயிற்றுக்கிழமையாவது வந்திருக்கலாம். நேற்று வராதவன் இன்று எந்த முகத்தோடு போய் நிற்பது என்று இருந்துவிட்டேன். நீ பூசைக்குப் போகாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய் என்று தெரிந்திருந்தால் நடந்தே வந்திருப்பேன். நீ தலைமை ஆசிரியரை விட்டுவிட்டு வரச் சொன்னாய். நான் என்னை விட்டுவிட்டு அவரை அழைத்துக்கொண்டு திரும்பினேன்.

வேலை அதிகாரம் எதுவும் இல்லாமல் உன்னிடம் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

வஹீதாவைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ்குவுக்குப் பிறகு ஒரு நாள் காலைப் பலகையில் 'நேற்றும் என் சோறு குழைந்துவிட்டது' என்று எழுதினேன். இடைவேளையில் அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒல கொதிச்சப்பறம் அரிசி போடணும் சார். ஒண்ண எடுத்து நசுக்கிப் பாக்கணும். நடுவுல கொஞ்சம் இருக்கும்போதே வடிச்சிடணும்" என்றாள். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் அந்தப் பெண் வாய் திறந்தது எனக்குச் சோறு வடிக்கச் சொல்லிக் கொடுக்க. அவள் சொன்னபடியே வடித்தேன். சரியாக வந்தது. தனியாக உட்கார்ந்து அதைச் சாப்பிட எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அடைத்தோம். கடைசிக் காலைப் பலகையில் முப்பத்தெட்டுப் பேரும் எழுதினார்கள். மருதையின் ஆடு இந்தத் தடவை என் ரிஜிஸ்டரைத் தின்றிருக்கிறது. கீழ் மூலையில் வஹீதா எழுதியிருக்கிறாள்:

'சாருக்கு இப்ப சோறு ஆக்க வருது. டீச்சருக்குத்தான் அது தெரியாது.'

சாயங்காலம் துடைக்க வேண்டுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். அவளைக் கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பலகையை அப்படியே விட்டுக் கதவைப் பூட்டினேன்.

ஜூன் மாதம் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு புது டீச்சர் வருகிறார். நல்ல படிப்பு, திண்டுக்கல்காரர். வந்த அன்று முதல் வேலையாக அவர் அந்தப் பலகையைத் துடைப்பார். அதுவரை அது இருக்கும்.

அமிர்தம்